சேலத்துத் திரையில் குண்டலகேசி: பெண்ணின் வன்மையும் அதற்குக் கேட்கப்பட்ட விலையும்

நாமக்கல் வட்டாரத்தில் பெண்ணைக் குறித்த பழம்படிமங்கள் இரண்டு, இரு மலைகளின்மேல் நிலைபெற்றுள்ளன. ஒன்று கொல்லிமலையின் கொல்லிப்பாவை. நற்றிணை, குறுந்தொகை முதலிய சங்கத் தொகை நூல்களில் இடம்பெறும் அப்பாவை தெய்வத்தால் ஆக்கப்பட்டது என்பதும், காண்பாரைத் தன் நகையால் ஈர்த்து உயிர் கொள்ளும் ஆற்றல் உடையது என்பதும் வழிவழி வரும் நம்பிக்கை. மற்றொன்று திருச்செங்கோட்டு மாதொருபாகன் திருவுருவம். அங்கே பெண் ஆணை வீழ்த்துபவளும் அல்லள். ஆணுக்கு அடங்கியவளும் அல்லள். ஓருடலில் சரிபாதியாய் நிற்பவள். அஞ்சத்தக்க பெண், நிகரான பெண் என்னும் இவ்விரு கருத்துகளும் இம்மண்ணுக்குப் புதியன அல்ல என்பதற்கு இம்மலைகளே சான்று.

இருபதாம் நூற்றாண்டில் இதே நிலப்பரப்பு மூன்றாவதாக ஒரு படிமக்களத்தையும் பெற்றது. அது சேலத்துத் திரை. பல்லாயிரவர் ஒரே நேரத்தில் அமர்ந்து காணும் ஆற்றல் வாய்ந்த அத்திரையில் பெண் எவ்வாறு தீட்டப்பட்டாள் என்பது ஆராயத்தக்கது. திரைப்படங்களில் பெண் மெலியவளாகக் காட்டப்படுகிறாளா, வலியவளாகக் காட்டப்படுகிறாளா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. அவ்வினா மட்டும் போதுமானதன்று. வலியவளாகக் காட்டப்பட்ட பெண்ணுக்கு, அவ்வலிமையைக் காட்டிய மறுநாள் என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் உண்மை துலங்கும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் அவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றன.

திருச்செங்கோட்டார் நிறுவிய நிறுவனம்

திருச்செங்கோட்டில் 1907ஆம் ஆண்டு பிறந்த டி. ஆர். சுந்தரம் நெசவுத் தொழிலில் வேரூன்றிய மரபினர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர், 1930களின் நடுப்பகுதியில் சேலத்தில் ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆலை நடத்துவது போன்ற ஒழுங்குடன் அவர் அதனை நடத்தினார் என்பது திரையுலகம் நன்கறிந்த செய்தி. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1938இல் வந்த மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்', 1956இல் வந்த தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஆகியவை சேலத்தில் உருவானவையே. சென்னைக்கு வெளியே இருந்துகொண்டு தென்னிந்தியத் திரையின் போக்கை வகுத்த பெருமை இந்நிறுவனத்துக்கு உண்டு.

1937இல் வெளிவந்த இந்நிறுவனத்தின் முதற்படம் 'சதி அகல்யா'. இந்திரனின் வஞ்சகத்துக்கு இரையாகி, கணவனின் சாபத்துக்கு ஆளாகி, கல்லாய்க் கிடந்து, ஓர் ஆடவனின் திருவடித் துகளால் மீண்டும் பெண்ணாக எழுந்தவளின் கதை அது. பிழை செய்தவன் தேவர்கோன். தண்டனை பெற்றவள் அகலிகை. சேலத்துத் திரை தன் கணக்கைக் கல்லான பெண்ணில் தொடங்கியது எனலாம். அக்காலப் புராணப் படங்களின் பொதுவழக்கு அதுவே. சாவித்திரி, சந்திரமதி, சீதை, திரௌபதி எனத் துன்பத்தைத் தாங்குவதையே பெண்ணின் பெருமையாகக் காட்டிய கதைகள் மேடையிலிருந்து நேரே திரைக்கு வந்தன.

அதே காலத்தில் மும்பையில் வேறொரு காட்சியும் அரங்கேறியது. வாடியா மூவிடோன் நிறுவனத்தார் 1935இல் வெளியிட்ட 'ஹண்டர்வாலி' படத்தில் நாடியா என்னும் நடிகை முகமூடி அணிந்து, சவுக்கேந்தி, குதிரைமீது பாய்ந்து சென்று தீயோரைத் தண்டித்தார். மக்கள் ஆரவாரித்தனர். நாடியா ஆஸ்திரேலியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி என்பது எண்ணத்தக்கது. அயலவளுக்கு வழங்கப்பட்ட உரிமையை இந்நாட்டுக் குலமகளுக்கு வழங்கத் திரையுலகம் எளிதில் முன்வரவில்லை. தமிழில் அவ்வுரிமை வழங்கப்பட்ட இடங்களில் குறிப்பிடத்தக்கது சேலம். அதற்குக் கைகொடுத்தது ஒரு பழந்தமிழ்க் காப்பியம்.

குண்டலகேசி அமுதவல்லியானாள்

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. நாதகுத்தனார் இயற்றிய அந்நூலில் இன்று எஞ்சியவை 19 பாடல்களே. எனினும் அதன் கதையை நீலகேசி உரையும் பாலிமொழிப் பௌத்த நூல்களும் காத்து வைத்துள்ளன. வணிகர் குலத்து நங்கை ஒருத்தி, கொலைத்தண்டனை பெற்றுச் செல்லும் கள்வனைக் கண்டு காதல் கொள்கிறாள். தந்தை பொருள் கொடுத்து அவனை மீட்டு மணம் செய்விக்கிறார். ஊடற்பொழுதில் அவள் விளையாட்டாக, அவன் கள்வன் அன்றோ என்று சொன்ன சொல் அவனைச் சுடுகிறது. அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்லத் துணிகிறான். இறக்குமுன் கணவனை மும்முறை வலம்வர விடை வேண்டுகிறாள் அவள். வலம் வருபவள் போல் பின்சென்று அவனைக் கீழே தள்ளிவிடுகிறாள்.

இக்கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய நாடகம் 1950இல் 'மந்திரி குமாரி' என்னும் படமாகச் சேலத்தில் உருவாயிற்று. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய கடைசித் தமிழ்ப்படம் இது. அவர் தாயகம் திரும்பியபின் எஞ்சிய பகுதியை டி. ஆர். சுந்தரமே இயக்கி நிறைவு செய்தார். வணிகர் மகள் இங்கு அமைச்சர் மகள் அமுதவல்லி ஆனாள்; கள்வன், இராஜகுருவின் மகன் பார்த்திபன் ஆனான். மாதுரிதேவி அமுதவல்லியாகவும், எஸ். ஏ. நடராஜன் பார்த்திபனாகவும், எம். என். நம்பியார் இராஜகுருவாகவும் நடித்தனர். தளபதி வீரமோகனாக எம். ஜி. இராமச்சந்திரனும், அவன் காதலி இளவரசி ஜீவரேகாவாக ஜி. சகுந்தலாவும் தோன்றினர்.

அமுதவல்லியின் ஆற்றல் இரு கட்டங்களில் வெளிப்படுகிறது. முதலாவது, பார்த்திபன்மீது வழக்கு நடக்கும் கட்டம். அவனைக் காக்க விரும்பிய அமுதவல்லி, தெய்வச் சிலையின் பின்னே மறைந்து நின்று, அவன் குற்றமற்றவன் என்று தெய்வமே மொழிவது போலப் பேசுகிறாள். மன்றம் அக்குரலை ஏற்றுத் தலைவணங்குகிறது. பெண்ணாக நின்று அவள் சொல்லியிருந்தால் மன்றத்தில் எடுபடாத சொல், தெய்வத்தின் வாயிலிருந்து வந்ததாக எண்ணப்பட்டதும் தீர்ப்பாகிவிடுகிறது. கதையோட்டத்துக்காக அமைக்கப்பட்ட காட்சியே ஆயினும், இச்சமுதாயத்தில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு எப்போது கிட்டுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சி அரிது.

இரண்டாவது, மலையுச்சிக் கட்டம். கணவன் திருந்தாத கொள்ளையன் என்பதை அறிந்துவிட்ட அமுதவல்லியைப் பார்த்திபன் இனிய பாட்டுடன் மலைக்கு அழைத்துச் செல்கிறான். ஜி. இராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அப்பாட்டு இன்றளவும் மறையவில்லை. இங்கும் மும்முறை வலம்வருதல், இங்கும் வீழ்ச்சி. பத்தினிப் பெண்களையே பார்த்துப் பழகிய 1950ஆம் ஆண்டு அரங்கில், மனைவி கணவனை மலையிலிருந்து தள்ளுவதும், அதனை மக்கள் நியாயம் என ஏற்றதும் சிறிய செய்தி அன்று.

ஆயின் காப்பியமும் படமும் பிரியும் இடம் இதன் பின்னரே வருகிறது. காப்பியக் குண்டலகேசி மலையை விட்டு இறங்கித் துறவு பூண்டாள், சமயநூல்களைக் கற்றாள். ஊர்தோறும் சென்று, நாவற்கிளையை நட்டு வைத்து, வாதுக்கு வருவோர் அதனைப் பிடுங்கலாம் என அறைகூவினாள். இறுதியில் பௌத்த நெறியை மேற்கொண்டு, புத்தரின் மாணவியருள் ஒருத்தியாகப் புகழ்பெற்றாள். அறிவு ஆடவர்க்கே உரியதன்று, பெண்ணும் அறிவுடையவளே என்று அம்மலைத் தெய்வம் அவளைப் பாராட்டியதாகப் பாலிக் கதை கூறுகிறது. கணவனைத் தள்ளிய செயல் அவள் கதையின் முடிவன்று, அதுவே தொடக்கம். அவளைக் காப்பியத் தலைவி ஆக்கியது மலையுச்சி தந்த துணிவு மட்டும் அன்று. மலையடிவாரத்தில் தொடங்கிய கல்வியும் ஆகும்.

படத்து அமுதவல்லிக்கு அந்த மறுபாதி வழங்கப்படவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்தவள் அரசவையில் உண்மையை உரைக்கிறாள். மகனை இழந்த இராஜகுரு அவளைக் குத்திக் கொல்கிறான். வீரமோகனும் ஜீவரேகாவும் வாழ்கின்றனர். அமுதவல்லி புகழ் பெறுகிறாள். புகழ் பெறுவதற்கும் வாழ்வு பெறுவதற்கும் இடையே உள்ள தொலைவுதான் இப்படத்தின் உட்பொருள்.

இம்மாற்றத்துக்குக் காரணங்கள் இரண்டு கூறலாம். காப்பியத் தலைவி தன்னுயிரைக் காத்துக்கொள்ளக் கணவனைத் தள்ளினாள். படத்துத் தலைவியின் செயலுக்கோ நாட்டுப்பற்றும் நீதியும் துணைக்கழைக்கப்பட்டன. தனக்காக மட்டும் ஒரு பெண் கொலை செய்வதை அன்றைய அவை பொறுத்திருக்காது போலும். அத்துடன், அரசை ஆட்டிவைக்கும் குருபீடத்தைத் தோலுரித்தல் படத்தின் அரசியல் நோக்கமாக இருந்தது. அந்நோக்கத்துக்கு அமுதவல்லியின் கை தேவைப்பட்டது. அவளுடைய பிற்கால வாழ்வு தேவைப்படவில்லை. கணவனைக் கொன்றவள் எவ்வளவு நியாயம் உடையவளாயினும் உயிரோடு வீடு திரும்பக்கூடாது என்னும் பழைய நெறி, புரட்சி பேசிய படத்திலும் ஓசையின்றித் தன் கடனை வசூலித்துக்கொண்டது.

கண்ணகியின் நிழல்

இந்நெறியின் மூலம் எங்குள்ளது என்பதைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1942இல் ஜூபிடர் நிறுவனத்தார் வெளியிட்ட 'கண்ணகி' படத்தில் பி. கண்ணாம்பா இளங்கோவனின் உரையாடலை முழங்கிய முழக்கம், அதன்பின் வந்த வீரப்பெண்கள் அனைவர்க்கும் இலக்கணமாயிற்று. கண்ணகி அரசனை எதிர்த்து நின்றாள், நகரை எரித்தாள். அவ்வாற்றல் கணவன் பொருட்டு எழுந்தது. கணவனுடனேயே வானேறி முடிந்தது. சிலம்பின் மேன்மை இதனால் குன்றாது. எனினும் ஐம்பெருங்காப்பியப் பெண்களுள் திரை தனக்கு முன்மாதிரியாகக் கொண்டது கண்ணகியையே என்பது கருதற்பாலது. குண்டலகேசியும் மணிமேகலையும் நெடுநாள் வாழ்ந்து, கற்று, வாதிட்டு, பிறர்க்கு வழிகாட்டியவர்கள். குண்டலகேசி திரைக்கு வந்தபோது அவளைக் கண்ணகியின் அளவுக்குத் தைத்து உடுத்திவிட்டனர்.

இந்தியாவின் பிற பகுதிகளை நோக்கினும் இது விளங்கும். மெஹபூப் கான் 1957இல் எடுத்த 'மதர் இந்தியா'வில், ஊர்ப்பெண்ணின் மானங்காக்கத் தாய் தன் மகனையே சுட்டு வீழ்த்துகிறாள். அவளுக்கு முதுமையும் ஊராரின் வணக்கமும் வழங்கப்படுகின்றன. மகனைச் சுட்ட தாய் வாழலாம். கணவனைத் தள்ளிய மனைவி வாழலாகாது. தாய்மைக்கு வழங்கப்பட்ட சலுகை மனைவிக்கு வழங்கப்படவில்லை.

மார்ஜியானாவின் கத்தி

ஆறாண்டுகள் கழித்து அதே நிறுவனம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை எடுத்தது. மார்ஜியானாவாக நடித்தவர் பி. பானுமதி. அரபுக் கதையின் உண்மையான தலைமை மார்ஜியானா என்னும் அடிமைப்பெண்ணுக்கே உரியது. வீட்டுக்கதவில் கள்வர் இட்ட அடையாளத்தைக் கண்டு பிற வீடுகளிலும் அதையே இட்டுக் குழப்புபவள் அவள். தாழிகளில் ஒளிந்திருந்த கள்வர்மீது கொதிக்கும் எண்ணெயை ஊற்றி அழிப்பவள் அவள். இறுதியில் விருந்தினனாக வந்த கள்வர் தலைவனைக் கத்தியேந்தி ஆடும் நடனத்தின் நடுவே குத்தி வீழ்த்துபவளும் அவளே. அலிபாபா நல்லூழ் வாய்த்தவன். அறிவும் செயலும் மார்ஜியானாவுடையவை.

சேலத்துப் படத்தில் மார்ஜியானாவின் நுண்ணறிவு குறைக்கப்படவில்லை. பானுமதி அவர்களின் மிடுக்கான பேச்சும் பார்வையும் அப்பாத்திரத்துக்கு உயிரூட்டின. ஆயினும் கள்வர் தலைவனுடன் நிகழும் இறுதிப் போர் கதாநாயகனுக்கு மாற்றப்பட்டது. மூலத்தில் காப்பாற்றியவள் படத்தில் காப்பாற்றப்படுபவள் ஆனாள்.

இங்கே திரைவரலாற்றின் ஒரு திருப்பம் புலனாகிறது. 1950இல் 'மந்திரி குமாரி' வெளிவந்தபோது எம். ஜி. ஆர். வளர்ந்துவரும் நடிகர். படத்தின் பெயரே கதாநாயகியைக் குறிப்பது. வில்லனை வீழ்த்தும் செயலும் அவளுடையது. 1956க்குள் அவர் பெருநாயகராகிவிட்டார். வில்லனை வீழ்த்தும் உரிமை அதன்பின் நாயகனின் தனியுடைமை ஆயிற்று. பெண் பாத்திரத்தின் வலிமை குறைந்ததற்குப் பழைய கற்புநெறி மட்டும் காரணமன்று. நாயகரை மையமாகக் கொண்டு வளர்ந்த புதிய வாணிகமும் காரணம் என்பதற்கு ஒரே நிறுவனத்தின் இவ்விரு படங்கள் சான்றாகின்றன.

தமக்கையும் மனைவியும்

இவ்விரண்டுக்கும் இடையே வந்த சேலத்துப் படங்களில் சமூகக் கதைகளும் உண்டு. 1953இல் கருணாநிதியின் எழுத்தில் வந்த 'திரும்பிப் பார்' குறிப்பிடத்தக்கது. பெண்களை விளையாட்டுப் பொருளாக எண்ணும் பரந்தாமனாகச் சிவாஜி கணேசனும், அவன் தமக்கை பூமாலையாகப் பண்டரிபாயும் நடித்தனர். உழைத்துத் தம்பியைப் பேணிய தமக்கை, அவன் இழிசெயலின் எல்லையைக் கண்டபோது, பெண் என்றால் தானும் பெண்தானே என்னும் கருத்துப்படக் கேட்கும் கேள்வி, தமிழ்த் திரையின் சுடுசொற்களுள் தலையாயது. கத்தி செய்யாத வேலையை அச்சொல் செய்கிறது. ஆயினும் அச்சொல்லின் பயன் யாருக்கு? தம்பி திருந்துவதற்கு. பூமாலை தனக்கென எதுவும் கேட்கவில்லை. அவளைக் கேட்கச் செய்யவும் இல்லை.

1952இல் வந்த 'வளையாபதி'யும் நினைக்கத்தக்கது. குண்டலகேசியைப் போலவே சில பாடல்களே எஞ்சிய காப்பியம் அது. அதன் கதையெனப் பிற்கால மரபு வழங்குவது வருமாறு: வணிகன் ஒருவன் வேற்றுக் குலத்துப் பெண்ணையும் மணக்கிறான், குலத்தார் வற்புறுத்தலால் அவளைக் கைவிடுகிறான், அவள் ஈன்ற மகன் வளர்ந்து வந்து தாய்க்குரிய நீதியைப் பெற்றுத் தருகிறான். பாவேந்தர் பாரதிதாசன் எழுத்துப்பணி ஆற்றிய இப்படத்தின் வாயிலாகவே சௌகார் ஜானகி தமிழுக்கு அறிமுகமானார். இம்மரபுக்கதையிலும் பெண் காத்திருக்கிறாள். நீதி மகன் வடிவில் வருகிறது. ஒரே நிறுவனம் ஐம்பெருங்காப்பியங்களுள் இரண்டைத் திரைக்குக் கொணர்ந்தது தமிழார்வலர் போற்றத்தக்கது. அவற்றின் பெண்களுக்குப் பழைய எல்லையைத் தாண்டும் வாய்ப்பு வந்தபோது அது நழுவவிடப்பட்டது என்பதும் உடன் சொல்லத்தக்கது.

மலைக்கள்ளனும் பூங்கோதையும்

நாமக்கல்லின் பெயரைத் தம் பெயரோடு ஏந்திய கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்' நாவலையும் இங்குக் கருதுதல் வேண்டும். மோகனூரில் 1888இல் பிறந்து, விடுதலைப் போரில் சிறை சென்று, அரசவைக் கவிஞராகத் திகழ்ந்த அப்பெருந்தகையின் நாவலை 1954இல் கோவைப் பட்சிராஜா நிறுவனத்தார் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கத்தில் படமாக்கினர். தமிழ்ப்படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தை அது பெற்றது. தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் அக்கதை படமாயிற்று.

எம். ஜி. ஆரை மக்கள் நாயகராக நிலைநிறுத்திய இப்படத்தின் நாயகி பூங்கோதையாக நடித்தவரும் பானுமதியே. பூங்கோதை செல்வக்குடிப் பெண்; கடத்தப்படுகிறாள்; மலைக்கள்ளனால் மீட்கப்படுகிறாள்; அவன்பால் அன்பு கொள்கிறாள். கதையின் நடுவே அவள் நின்றாலும், அவளைச் சுற்றி நிகழ்வன யாவும் பிறர் செயல்களே. செல்வரிடமிருந்து எடுத்து எளியோர்க்குக் கொடுக்கும் மறத்தனத்தை ஆணிடம் கண்ட கவிஞரின் கற்பனை, அதே மலைவாழ்வில் பெண்ணுக்கு ஒரு பங்கு உண்டா என்று கேட்கவில்லை. கொல்லிப்பாவையின் நாட்டில் எழுந்த மலைக்கதையில் பெண் அஞ்சுபவளாக மட்டுமே அமைந்தது வியப்புக்குரியது.

கொடுமுடிக் குரல்

இத்தனைக்கும் மாறான உருவம் ஒன்று இவ்வட்டாரத்தின் எல்லையிலிருந்தே எழுந்தது. காவிரியின் மறுகரையில் உள்ள கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண்வேடமே பூண்டு நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓரிலட்சம் ரூபாய் என்பது அன்றைய நாட்டையே வியக்க வைத்தது. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' அவரைத் தமிழரின் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது.

தகடூர் அதியமானின் அவையில் வீற்றிருந்த ஔவை, இச்சேலத்து மண்ணுக்கு அயலவள் அல்லள். ஒன்றுக்கு மேற்பட்ட ஔவையார் உண்டு என்பது ஆய்வாளர் முடிபு. படம் அவர்களை ஒருவராக இணைத்தது. அப்படத்தில் ஒரு பெண் தனியே நடக்கிறாள், மன்னரைக் கடிந்துரைக்கிறாள், தன் சொல்லால் வாழ்கிறாள், நெடுங்காலம் வாழ்கிறாள். குண்டலகேசிக்கு மறுக்கப்பட்ட மறுபாதி வாழ்வு ஔவைக்கு வழங்கப்பட்டது. ஆனால் அதற்கும் விலை உண்டு. திருமணத்தைத் தவிர்க்க இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெறுகிறாள் அவள். நரையும் திரையும் கொண்ட பின்னரே வழிநடக்கும் உரிமை பெண்ணுக்குக் கிட்டுகிறது. கன்னியாகவே கற்று, கன்னியாகவே வாதிட்டு, கன்னியாகவே ஊர்சுற்றும் பெண்ணைப் பக்திப்படமும் ஏற்கத் துணியவில்லை.

திரைக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) நாயகி டி. பி. இராஜலட்சுமி, 1936இல் தாமே எழுதிய கதையைக்கொண்டு 'மிஸ் கமலா' படத்தை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநரானார். பானுமதி 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மும்மொழிகளிலும் இயக்கினார். அடுத்த ஆண்டே அவர் மலைக்கள்ளனால் மீட்கப்படும் பூங்கோதையாக நடித்தார். படக்குழுவையே நடத்தும் ஆற்றல் வாய்ந்த பெண்ணுக்குத் திரைக்குள் கொடுக்கப்பட்டது மீட்கப்படும் பாத்திரம். வலிமையுள்ள பெண்கள் இல்லாமையால் திரையில் அவர்கள் தோன்றவில்லை என்று எவரும் சொல்வதற்கில்லை.

வல்லவர்களின் காலம்

1963இல் டி. ஆர். சுந்தரம் மறைந்தார். அவ்வாண்டே மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட 'கொஞ்சும் குமரி', நகைச்சுவையில் சிறந்த மனோரமாவைக் கதாநாயகி ஆக்கியது. அதன்பின் அந்நிறுவனத்துப் படங்களின் பெயர்களே காலமாற்றத்தைக் காட்டின: 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்' (1966), 'வல்லவன் ஒருவன்' (1966). 'மனோன்மணி' (1942), 'மந்திரி குமாரி' (1950) எனப் பெண்பாலில் பெயர் சூட்டிய நிறுவனம், ஆண்பால் ஈற்றில் நிலைகொண்டது. துப்பறியும் கதைகளிலும் சண்டைக் கதைகளிலும் பெண் ஆடுபவளாகவும், கடத்தப்படுபவளாகவும், சிலபோது வஞ்சகியாகவும் வந்து சென்றாள். வல்லவள் என்னும் சொல் தமிழில் இருந்தும் அது சுவரொட்டிக்கு ஏறவில்லை. காலப்போக்கில் படப்பிடிப்பு நிலையமும் மறைந்தது; ஏற்காட்டுச் சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் எஞ்சி நின்றது.

படைப்பாளர் பொறுப்பு

இவ்வரலாற்றில் ஒன்று தனித்து நோக்கத்தக்கது. இப்பெண்களைப் படைத்தவர்கள் வாணிகர்கள் மட்டும் அல்லர். பாரதிதாசன், கருணாநிதி, இளங்கோவன், நாமக்கல் கவிஞர் எனத் தமிழெழுத்தின் முன்னோடிகள் பலர் இதில் பங்கு கொண்டனர். கண்ணதாசன் சேலத்தில் தங்கி எழுதி, 1954இல் 'இல்லற ஜோதி'க்கு உரையாடல் தந்தார். ஆகவே திரைப்பெண்ணின் மெலிவுக்கும் வலிவுக்கும் முதலாளியையும் நடிகரையும் மட்டும் பொறுப்பாக்கிவிட்டுக் கவிஞர்கள் விலகிக்கொள்ள இயலாது. அமுதவல்லிக்குத் துணிவு தந்ததும் எழுதுகோலே. அவள் முடிவை எழுதியதும் எழுதுகோலே.

பின்னர் வந்த காலத்தில் துப்பாக்கி ஏந்திய பெண்கள் திரையில் பலர் தோன்றினர். ஆணின் சண்டையைப் பெண்ணுக்கு உடுத்திவிட்டால் அவள் வலியவள் ஆகிவிடுவாள் என்னும் எண்ணம் அதன் பின்னுள்ளது. அவ்வெண்ணத்தின் வறுமையை இவ்வட்டாரத்து எழுத்து ஒன்றே உணர்த்தியுள்ளது. திருச்செங்கோட்டுப் பகுதியில் பிறந்து, நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய பெருமாள்முருகன் எழுதிய 'கோடித்துணி' என்னும் சிறுகதை, விபின் ராதாகிருஷ்ணன் இயக்கத்தில் 'அங்கம்மாள்' என்னும் படமாகி 2024இல் மும்பைத் திரைப்பட விழாவில் திரையிடப்பெற்றது. ரவிக்கை அணிந்தறியாத ஒரு தாய். படித்து மருத்துவனான மகன், பெண்வீட்டார் வருகையை முன்னிட்டு அவளை ரவிக்கை அணியச் சொல்கிறான். அவள் இணங்க மறுக்கிறாள். கீதா கைலாசம் ஏற்று நடித்த அப்பாத்திரத்தின் கையில் கத்தி இல்லை. அவள் வீழ்த்த வேண்டிய வில்லனும் இல்லை. தன் உடல்மீது தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடாத ஒரு மறுப்பே கதைக்குப் போதுமான வலிமையாகிறது. அம்மறுப்பு எவர்க்காகவும் அன்று, அவளுக்காகவே.

சதி அகல்யாவிலிருந்து அங்கம்மாள்வரை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள். கல்லாகக் கிடந்து பிறர் காலடிக்குக் காத்திருந்த பெண்ணிலிருந்து, தன் மகன் சொல்லையும் மறுக்கத் துணிந்த பெண்வரை வந்திருப்பது வளர்ச்சியே. எனினும் குண்டலகேசியின் மறுபாதி இன்னும் திரையேறவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து, கற்று, அறைகூவி, தோற்று, வென்று, முதுமை எய்திய அம்மங்கையின் கதை தமிழில் எழுதப்படக் காத்திருக்கிறது. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் கவிஞர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். வலிய பெண்ணைப் படைக்க விழைவோர், அவள் கையில் என்ன கொடுப்பது என்பதோடு நின்றுவிடாமல், அவளுக்கு எத்தனை ஆண்டுகள் கொடுப்பது என்றும் எண்ணுதல் வேண்டும். அவள் நட்டுவைத்த நாவற்கிளை, பிடுங்குவாரை எதிர்நோக்கி இன்றும் நின்றுகொண்டிருக்கிறது.